மொழிபெயர்ப்பு முதுகலையா, எம்பிஏவா? எது முதலில்?

கேள்வி: தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் நன்றாகத் தெரியும். மொழிபெயர்ப்பில் முதுகலையும் எம்பிஏவும் படித்துவிட்டு, சொந்தமாக மொழிபெயர்ப்பு நிறுவனம் தொடங்க ஆசை. இரண்டையும் சேர்த்தே படித்துவிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டாம், அம்மா. பாடவழி முதுகலைக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 40 கிரெடிட். வகுப்பு, வாசிப்பு, இடுபணி எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம் என்றால், மொத்தம் 1,600 மணி. வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் 15 மணி ஒதுக்கினாலும், ஒரு பட்டத்துக்கே இரண்டு வருடம் தாண்டிவிடும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் முதலில் அடிபடுவது மொழிபெயர்ப்புப் பயிற்சிதான். எம்பிஏ குழு வேலைக்குக் கெடு உண்டு. ஒரு பத்தியை மூன்றாம் முறை திருத்தி எழுத யாரும் கெடு வைப்பதில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் இரண்டையும் இணைத்துப் படிக்க வழி உண்டு. ஆனால் அங்கே பயிற்சி ஸ்பானியம், பிரெஞ்சு போன்ற மொழிகளில்தான், தமிழில் கிடையாது. உங்கள் பிழைப்பு தமிழையும் மலாயையும் நம்பி இருக்கப்போகிறது என்றால், அந்தச் செலவு வீண். மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே மொழிபெயர்ப்பும் படிக்கலாம், எம்பிஏவும் படிக்கலாம். விண்ணப்பம் போடுமுன் மொழிபெயர்ப்புப் பிரிவிடம் எழுத்து மூலமாக மூன்று விஷயம் கேளுங்கள்: ஆய்வேட்டுக்குத் தமிழ்ப் பனுவலை எடுக்கலாமா, அதை வழிநடத்தத் தமிழ் தெரிந்தவர் யார், தேர்வாளர் யார். இதைக் கேட்காமல் சேர்ந்தவர்கள் பாதி வழியில் மலாய்–ஆங்கிலத்துக்கு மாற வேண்டி வரலாம்.

மொழிபெயர்ப்பை முதலில் படியுங்கள். பிறகு ஓரிரு வருடம் அந்தத் தொழிலில் இருந்துவிட்டு எம்பிஏவுக்குப் போனால், அங்கே சொல்லித்தரும் கணக்கை வைத்துப் பார்க்க உங்கள் கையில் உண்மையான வேலைகள் இருக்கும்.

அந்தக் கணக்கு எப்படிக் காலை வாரும் என்று பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 10,000 சொல் கொண்ட கையேடு ஒன்று வருகிறது. டிராடோஸ், மெமோகியூ போன்ற, பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்து ஒப்பிடும் மென்பொருளில் போட்டால் 4,000 சொல் புதியது, 3,000 பழைய வேலையோடு ஓரளவு ஒத்தது, 3,000 அப்படியே திரும்ப வருவது என்று பிரித்துக் காட்டுகிறது. வாடிக்கையாளர் புதியதற்கு முழு விலையும், ஓரளவு ஒத்ததற்கு அதில் 60 சதவீதமும், திரும்ப வருவதற்கு 25 சதவீதமும் தருவார் என்று வையுங்கள். அவர் காசு கொடுப்பது 6,550 சொல்லுக்குத்தான். சொல்லுக்கு 25 சென் என்றால் 1,637 வெள்ளி 50 சென். மொழிபெயர்ப்பாளருக்கு அதே 6,550 சொல்லுக்கு 12 சென் வீதம் 786 வெள்ளி போகும். சரிபார்ப்பவரோ 10,000 சொல்லையும் படித்தாக வேண்டும். 4 சென் வீதம் 400 வெள்ளி. மிச்சம் 451 வெள்ளி 50 சென். அதில்தான் மென்பொருள், உங்கள் நேரம் எல்லாம். வாடிக்கையாளர் 60 நாளில் பணம் தருகிறார், மற்ற இருவருக்கும் நீங்கள் 30 நாளில் தருகிறீர்கள் என்றால், ஒரு மாதத்துக்கு 1,186 வெள்ளி உங்கள் கைப்பணம். இப்படி ஐந்து வேலை ஒன்றாக வந்தால், லாபம் வரும் நிறுவனமும் காசில்லாமல் முடங்கும்.

இன்னொன்று: விலை மூலச் சொல்லுக்கா, தமிழ்ச் சொல்லுக்கா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் சொல் எண்ணிக்கை ஆங்கிலத்தைவிட வெகுவாகக் குறையும். அந்தக் குறைவு அப்படியே உங்கள் பில்லில் விழும்.

கேள்வி: வணிகவியல் பட்டதாரி. மூன்று வருடமாக முழுநேர மொழிபெயர்ப்புதான் செய்கிறேன். மொழிபெயர்ப்பில் முதுகலை இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் சேர்க்காதா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரச் சான்று வைத்திருக்கும் நிறுவனங்கள் மூன்று வழிகளில் ஒன்றைப் பார்க்கும்: மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு துறையில் பட்டமும் இரண்டு வருட முழுநேர அனுபவமும், அல்லது பட்டம் இல்லாவிட்டால் ஐந்து வருட முழுநேர அனுபவம். நீங்கள் இரண்டாவது வழியில் வந்துவிடுகிறீர்கள். அனுபவத்தைக் காட்டப் பழைய பில்களையும் வேலை உத்தரவுகளையும் வருடவாரியாகச் சேர்த்து வையுங்கள். தொழில்களைப் பதியும் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிந்துவிட்டீர்களா? தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும்; சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60.

கேள்வி: முதுகலைக் கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டா?
– வாசகி, செந்தூல்

பதில்: உண்டு. மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் எந்தத் துறை முதுகலை படித்தாலும், சொந்தக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை விலக்கு. இது வருமானத்தில்தான் கழியும், வரியில் அல்ல. 11 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அதிகபட்சம் 770 வெள்ளி மிச்சம். ஒரே ஆண்டில் இரண்டு பட்டத்துக்குக் கட்டினாலும் அதே 7,000தான். ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் இரண்டு படிப்புக்கும் தனித்தனி ஆண்டுகளில் சலுகை கிடைக்கும். கட்டணத்துக்குக் கைப்பணம் போதாவிட்டால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள்.