வேக்குவம் வைப்பர் மோட்டார்: பழைய கார் வைத்திருப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய சாமான் கடையில் பெயர் தேய்ந்துபோன ஒரு வைப்பர் மோட்டார் கிடைத்தது. 1930களைச் சேர்ந்த என் அமெரிக்கக் காருக்கு அது பொருந்துமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அது பெரும்பாலும் பஃபலோ நகரத்து டிரைக்கோ நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் (வேக்குவம்) ஓடும் இவ்வகை வைப்பருக்கு 1922இல் காப்புரிமை பெற்ற கிளீவ்லாந்தின் ஃபோல்பெர்த் சகோதரர்களுடைய நிறுவனத்தையும் டிரைக்கோ பின்னாளில் வாங்கிக்கொண்டதால், அமெரிக்கக் கார்களில் அந்தப் பெயரே மிகுதியாகத் தென்படுகிறது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மூடித்தகட்டின் ஓரத்தைத் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், அச்சடித்த எண்ணோ காப்புரிமைத் தேதியோ தெரியலாம். ஆனால் காப்புரிமைத் தேதியைத் தயாரிப்பு ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே தேதியைப் பல ஆண்டுகள் அச்சிட்டு வந்தார்கள். எண் கிடைக்காவிட்டால் திருகுத் துளைகளின் இடைவெளி, ஷாப்டின் நீளம், ஹோஸ் மாட்டும் குழாய் இருக்கும் பக்கம், கை வீசும் கோணம் ஆகிய நான்கையும் அளந்து உங்கள் காருடன் ஒப்பிடுங்கள். மோட்டாரிலேயே திருகுக் குமிழ் இருந்தால், அது கண்ணாடிக்கு மேல் சட்டத்தில் பொருத்தும் பழைய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 1951 செவ்ரொலே. வண்டி நிற்கும்போது வைப்பர் வேகமாக ஆடுகிறது, மேடேறும்போது நின்றுவிடுகிறது. மோட்டாரைக் கழற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எஞ்சின் நிதானமாக ஓடுகையில் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் செல்லும் குழாய்த்தொகுதியில்) ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் இருக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும் என்பதால், மேட்டில் வைப்பர் தளர்வது இந்த அமைப்பின் பிறவிக்குணம். இதைச் சமாளிக்கத்தான் பெட்ரோல் பம்புடன் வேக்குவம் பம்பையும் சேர்த்த இரட்டைச் செயல் பம்பைப் பொருத்தினார்கள். உங்கள் பம்பில் பெட்ரோல் குழாய்களைத் தவிர மேலும் இரண்டு குழாய்கள், ஒன்று மேனிஃபோல்டுக்கும் மற்றொன்று வைப்பருக்கும், செல்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் மேட்டில் நிற்கிறது என்றால் அந்த வேக்குவம் பகுதியின் டயாஃப்ரம் (உள்ளே வளைந்தாடும் மெல்லிய தடுப்பு) கிழிந்திருக்கலாம். அப்போது எஞ்சின் உள்ளிருந்து எண்ணெய் ஆவியும் மேனிஃபோல்டுக்கு இழுக்கப்பட்டு, புகைபோக்கியில் நீலப்புகை வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினையே பிரிக்கக் கிளம்புவதற்கு முன், பம்பிலிருந்து மேனிஃபோல்டுக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, மேனிஃபோல்டுத் துளையை அடைத்து ஓட்டிப் பாருங்கள். புகை அடங்கினால் குற்றவாளி பம்புதான்.

கேள்வி: பிரித்தால் உள்ளே என்ன இருக்கும்? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அரைவட்ட அறை ஒன்றில் கதவைப்போல் இருபுறமும் ஆடும் துடுப்பு ஒன்று இருக்கும். அதன் ஒருபக்கக் காற்றை மேனிஃபோல்டு உறிஞ்ச, மறுபக்கம் நுழையும் வெளிக்காற்று துடுப்பைத் தள்ளும்; ஓரத்தை எட்டியதும் சிறிய ஸ்பிரிங் ஒன்று வால்வைச் சட்டென்று மறுபுறம் தட்டிவிடும். பிரிக்கும்முன் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது. துடுப்பின் விளிம்பிலுள்ள தோல் விறைத்திருந்தால் விளக்கெண்ணெயில் ஊறவைத்து, கையால் மெதுவாக நீவி விளிம்பை வெளிப்புறம் விரியச் செய்யுங்கள். வெடித்திருந்தால் புதிதாக வெட்டிப் போடுவதே நல்லது. மூடிக்கு அடியில் காற்று கசியாமல் வைக்கும் தாளான காஸ்கெட்டின் தடிமனைப் பழையதற்குச் சமமாக வையுங்கள். தடித்தால் துடுப்பின் பக்கவாட்டில் காற்று கசியும், மெலிந்தால் துடுப்பு உரசி இறுகும். நான் பார்த்த அளவில், செப்பனிட்ட பிறகும் ஓடாத மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

கேள்வி: சில துளி பிரேக் ஆயில் விட்டால் ஓடிவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன்.

பதில்: அவர் சொல்வதுபோல் ஓடவும் கூடும், ஏனெனில் அது ரப்பரைச் சற்று உப்ப வைத்துக் கசிவை அடைக்கும். அந்தப் பலன் நிலைக்காது. சிந்தினால் பெயின்ட்டையும் உரித்துவிடும். எஞ்சின் ஆயிலும் இயற்கை ரப்பருக்கு ஆகாது. விளக்கெண்ணெய் தோல், ரப்பர் இரண்டையும் கெடுக்காது.

கேள்வி: வைப்பரை நிறுத்தியிருக்கும்போதும் எஞ்சின் சீராக ஓடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பல மோட்டார்களில் நிறுத்திய பிறகும் வேக்குவம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருப்பதால்தான் வைப்பர் கை ஓரத்தில் அடங்கி நிற்கிறது. துடுப்பு கசிந்தால் அந்த வழியாகக் காற்று மேனிஃபோல்டுக்குள் புகுந்து பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். எஞ்சின் ஓடும்போது மோட்டாரிலிருந்து ஹோஸை உருவி, அதன் வாயைக் கட்டைவிரலால் அடையுங்கள். ஓட்டம் சீரானால் மோட்டாரைப் பிரிக்கலாம். சீராகாவிட்டால் ஹோஸையும் அது மேனிஃபோல்டில் சேரும் இடத்தையும் பாருங்கள். வெப்பத்தில் வெடித்த ஹோஸைத் தடித்த சுவர் கொண்ட வைப்பர் ஹோஸாகவே மாற்றுங்கள், மெல்லிய பெட்ரோல் ஹோஸ் உறிஞ்சும்போது உள்வாங்கி அடைத்துக்கொள்ளும்.