நாட்டின் உணவு வழங்கலைக் காப்பது: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: கிடங்கில் தானியம் நிறைய இருந்தால் போதாதா, டாக்டர்?

ஒரு பருவம் பொய்த்தால் அந்த இருப்பு கைகொடுக்கும். பால், முட்டை, காய்கறியை அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. அவை தினமும் பண்ணையிலிருந்து வந்தாக வேண்டும்.

கேள்வி: அந்தப் பண்ணைகளைத் தாக்கும் நோயை நாட்டின் எல்லையிலேயே தடுத்துவிட முடியாதா?

முழுமையாக முடியாது. உள்ளே வந்ததை எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் உறுதியானது ஓர் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளில். அதற்குள் சந்தைகள் வழியாக நோய் தொற்றிய ஆடுகள் பல மாவட்டங்களுக்குப் போய்விட்டன. கடைசியில் 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. பன்றிகளுக்குப் பச்சையாகக் கொடுத்த உணவுக்கழிவே தொடக்கம் என்று விசாரணையில் கருதப்பட்டது.

முதலில் நோயைப் பார்ப்பவர் அதிகாரி அல்ல, மாடு மேய்ப்பவர். "சொன்னால் மந்தையையே அழித்துவிடுவார்கள்" என்று அவர் பயந்தால் வாய் திறக்க மாட்டார். அதனால், நியாயமான இழப்பீட்டைத் தாமதமின்றிக் கொடுப்பதைத்தான் நான் முதல் தற்காப்பு என்பேன். பல அரசுகள் இதை வீண்செலவாகப் பார்ப்பது எனக்கு வேதனை.

கேள்வி: நல்ல விளைச்சல் தரும் ஒரே ரகத்தை எல்லோரும் போட்டால் என்ன?

1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்துக்கு நடந்ததுதான் நடக்கும். கலப்பின விதை உற்பத்திக்கு வசதி என்று பெரும்பாலான விதைகளில் ஒரே ஆண்மலட்டுப் பண்பை (பயனுள்ள மகரந்தம் உருவாகாத தன்மையை)ச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பண்பு உள்ள பயிரைத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை பரவியது. ஏறத்தாழ 15 சதவீத மகசூல் போயிற்று.

கேள்வி: விதை வங்கிகளால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகம் 2008-ல் திறந்தது. சிரியப் போரில் அலெப்போ விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போனபோது, 2015-ல் ஸ்வால்பார்டிலிருந்து விதைகளை எடுத்து வேறு நாடுகளில் பயிரிட்டுப் பெருக்கினார்கள்.

கேள்வி: கணினித் தாக்குதலும் இதில் வருமா?

வரும். 2021-ல் ஜேபிஎஸ் என்ற பெரும் இறைச்சி நிறுவனம் முடங்கி, 1.1 கோடி டாலர் பணயத்தொகை கொடுத்தது. தரவு நகலை இணையத்தில் இணைக்காமல் தனியே வையுங்கள். கணினி இல்லாமல் வேலையை நடத்தும் பயிற்சியும் ஆட்களுக்கு வேண்டும்.

கேள்வி: பத்து மாடு வைத்திருக்கும் நான் என்ன செய்யலாம்?

புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள். வெளியாள் தொழுவத்துக்குள் வருமுன் காலணியைக் கிருமிநாசினியில் நனைக்கட்டும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டால் அன்றே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை ஒரு மாட்டையும் சந்தைக்கு ஓட்ட வேண்டாம்.