விஸ்காமுக்கு 9 லட்சமா?

சேலத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் மீடியாதான் படிப்பேன் என்கிறாள். தனியார் பல்கலைக்கழகத்தில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்புக்கு மூன்று வருடத்துக்கு 9 லட்சம் கேட்கிறார்கள். நகையை வைத்தாவது சேர்த்துவிடு, டிவியில் முகம் வரும் என்கிறார் பெரியப்பா. பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நகையை வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை.

பத்திரிகை, விளம்பரம், மக்கள் தொடர்பு பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விடுங்கள். பக்கத்து வீட்டுக் காது கேளாத பையனோடு அவள் மணிக்கணக்கில் கையால் பேசுவாள், அவனுக்காக ஆஸ்பத்திரிக்கும் போவாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

காது கேளாதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்ல, இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ என்று ஒரு படிப்பு இருக்கிறது. ‘டிஸ்லி’ என்பார்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு, இரண்டு வருடம். டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்திலும், மும்பையில் அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும், திருவனந்தபுரத்தில் ‘நிஷ்’ என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் நடக்கிறது. கையசைவை மனப்பாடம் செய்து தேறிவிட முடியாது. இந்த மொழிக்கென்று இலக்கணம் உண்டு: ‘எங்கே’, ‘யார்’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும், புருவமும் முகமும் சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகும். ஆங்கில எழுத்துகளைக் காட்ட அமெரிக்காவில் ஒரு கை, இங்கே இரண்டு கை. நீண்ட கூட்டமென்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் மாற்றி மாற்றிச் செய்வார்கள்; ஒருவரே நின்றால் களைப்பில் தப்பு வரும். டாக்டர் அறையில் பேசியது வெளியே போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி, டிவி செய்தி என்று வேலை பல இடங்களில் வரும். 2023-ல் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் வாதாடியபோது அவருக்காக ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, முதலில் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் பலருக்குக் கிடைக்கும். அதனாலேயே கடன் கூடாது என்கிறேன். சேரும் முன் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பட்டம் இல்லையே என்று பெரியப்பா கேட்பார். டிப்ளமோவை முடித்துவிட்டு இக்னோ என்கிற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேரட்டும். அந்த 9 லட்சத்தோடு பார்த்தால் அதன் கட்டணம் சில்லறை.