இடுப்பு மாற்று மூட்டில் உலோகத் தேய்மானம்: கேட்டதும் சொன்னதும்

சுமதி: அம்மாவுக்கு 2008-ல் இடுப்பு மூட்டு மாற்றினோம். உலோகம் ரத்தத்தில் கலக்கும் என்கிறார்களே?

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். மூட்டின் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) உள்ள ஸ்டிக்கர் அதிலோ கேஸ் ஷீட்டிலோ இருக்கும். மாற்று மூட்டில் தொடை எலும்புப் பக்கம் ஒரு பந்து, அது சுழல இடுப்பு எலும்பில் ஒரு கிண்ணம். பெரும்பாலானவர்களுக்குக் கிண்ணத்தின் உட்புறம் பிளாஸ்டிக்தான். பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம் என்றால்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டிப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் என்ற மூட்டு அந்த வகை, இந்தியாவிலும் பொருத்தப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள்.

ரஹீம்: எனக்கு இரண்டுமே உலோகம். வலியே இல்லை, பரிசோதனை எதற்கு?

வலி இல்லாமலே உள்ளே சேதம் நடக்கலாம் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. தேய்ந்த துகள்களை உடல் எதிர்க்கும்போது சுற்றியுள்ள சதை அழுகும், நீர் கோத்துக் கட்டி போல வீங்கும். புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் தசை வீணான பிறகு மறு ஆபரேஷன் செய்தால் மூட்டு அடிக்கடி நழுவும். வலிக்கும்வரை காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாலா: எனக்கும் இரண்டுமே உலோகம். ரத்தத்தில் கோபால்ட் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம். பரவாயில்லையா?

பிரிட்டனில் 7-ஐத் தாண்டினால் உஷாராகச் சொல்கிறார்கள். அதற்காக 4 என்றால் கவலையே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேனையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிட்னி பழுதானவர்களுக்கு எண் கூடுதலாகக் காட்டலாம். நுண் உலோகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவென்றே தனிக் குழாய் உண்டு, லேபில் கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கலாம், உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட்.

மேரி: கிண்ணம் பிளாஸ்டிக். தப்பித்தேனா?

பெரும்பாலும். பந்து உலோகமாக இருந்தால், அது தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டில் உட்காரும் இடத்தில் அரிப்பு வரலாம். அபூர்வம்தான். புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

கணேசன்: அப்பாவின் செராமிக் பந்து உடைந்துவிட்டது. உலோகப் பந்து போடலாம் என்கிறார்கள்.

வேண்டாம் சார். எவ்வளவு கழுவினாலும் செராமிக் துணுக்குகள் உள்ளே தங்கும். அவை உலோகப் பந்தை அரைத்துத் தள்ளிவிடும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கோபால்ட் பல நூறு மைக்ரோகிராம் வரை ஏறி, காது கேளாமை, பார்வைக் குறைவு, தைராய்டு கோளாறு, ஏன், இதயச் செயலிழப்பு வரை வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. திரும்பவும் செராமிக் பந்தே போட முடியுமா என்று கேளுங்கள். தயங்கினால் இன்னொரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

சுமதி: ஏஎஸ்ஆர் என்றால் நஷ்டஈடு உண்டா?

2018-ல் மத்திய அரசு அதற்கு ஒரு கணக்கீட்டு முறை கொண்டுவந்து, மாநிலக் குழுக்கள் விசாரிக்கும் என்றது. எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான். வீட்டில் இல்லையென்றால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் ரெக்கார்ட் பிரிவில் எழுத்தில் விண்ணப்பியுங்கள்.