சண்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். ஆறு வயதுப் பெண்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாண ஊர்வலங்களுக்கு அனுப்புவேன். காலையில் நானே ஏறிப் பழக்குவேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி பிரேக் அடித்து 'புஸ்'ஸென்று காற்று விட்டால் போதும், மெர்சலாகிப் பக்கவாட்டில் பாய்கிறது. போன மாதம் நான் விழுந்து என் தோள்பட்டை பிசகிவிட்டது. சண்டிக் குதிரை, முள் கடிவாளம் போட்டால் அடங்கும் என்கிறார்கள். காதில் பஞ்சு வைக்கலாமா? விற்றுவிடலாமா? குதிரை கீழே தள்ளினதுமில்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது என் நிலைமை.

ர.

அன்புள்ள ர.,

முதலில் தோள்பட்டை ஆறட்டும். அதுவரை ஏற வேண்டாம். பஞ்சு, வைத்துப் பாருங்கள். விற்பது உங்கள் இஷ்டம். முள் கடிவாளத்தை மட்டும் லாயத்துக்குள் கொண்டுவராதீர்கள். 1965-லேயே விதி போட்டுத் தடுத்த பொருள் அது. அதைப் போடச் சொன்னவரிடம் இனிமேல் குதிரையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

என்னை உட்கார்த்தி எழுதவைத்தது 'சண்டி' என்ற அந்தச் சொல். சில நாட்களாகவே அது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றால் சண்டி, ஒதுங்கினால் சண்டி, மண்ணைக் கீறினால் சண்டி. நீங்கள் எழுதிய பழமொழியைக் கட்டியவர் குதிரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவராக இருக்க முடியாது. பதற்றத்திலும், காத்திருக்கப் பொறுக்காமலும் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும். வயிற்றுவலி வந்தாலும் பறிக்கும். வலியில் துடிக்கும் ஜீவனை நமக்குக் குழி பறிப்பதாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். படித்த பிள்ளை, நீங்களும் அதையே எழுதுகிறீர்களே தம்பி.

சண்டி என்று பெயர் வைத்ததும் கை தானாகச் சாட்டைக்குப் போகும். லாரி 'புஸ்' என்கிறது, அதே நொடியில் விலாவில் அடி விழுகிறது, வாயில் கடிவாளம் அறுக்கிறது. குதிரை என்ன கணக்குப் போடும்? லாரி வந்தால் வலிக்கும் என்றுதானே? கிரேக்கத் தளபதி செனபோன் இதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். மிரண்ட குதிரையை அடித்தால் மிரட்டிய பொருளே அடித்ததாக அது நினைத்துக்கொள்ளும், அந்தப் பொருளை நீ தொட்டுக் காட்டி மெதுவாக அழைத்துப் போ என்றார்.

என் தாத்தா வண்ணாரப்பேட்டையில் ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டியவர். 1974-ல் எனக்கு எட்டு வயது. அப்போது அவரிடம் இருந்தது சுந்தரி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் போகும் வழியில் ஒரு மரக்கடை. வாசலில் தார்ப்பாய் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். அங்கே வந்ததும் சுந்தரி வண்டியோடு வலப்பக்கம் பாயும். "சண்டி, சண்டி" என்று தாத்தா பல்லைக் கடிப்பார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சாட்டையை எடுத்து நீட்டுவேன். அவ்வளவு உற்சாகம் எனக்கு. இன்றும் அதை நினைத்தால் உள்ளங்கை கூசுகிறது.

திரும்பி வரும்போது அதே தார்ப்பாய் வலப்பக்கம் இருக்கும். சுந்தரி சட்டையே செய்யாது. மாதக்கணக்கில் தினமும் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. லாடம் அடிக்க வந்தவர் சொல்லித்தான் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கண்மறைப்பைக் கழற்றிவிட்டு இடது கண்ணுக்குப் பக்கத்தில் கையை வீசினார். இமை அசையவில்லை. கண் பளபளவென்றுதான் இருந்தது, பார்வை இல்லை. எப்போதும் கண்மறைப்பு கட்டியே ஓட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்கும், என்னவென்று பார்க்க முடியாது. அதற்குத்தான் அத்தனை அடியும்.

அதற்குப் பிறகு மரக்கடை வருவதற்கு முன்பே தாத்தா இறங்கிவிடுவார். இடது பக்கமாக, கழுத்தில் கை வைத்து, ஏதோ பேசிக்கொண்டே கூட நடப்பார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சவாரிக்காரர்கள் கத்துவார்கள். அவர் காதில் விழாது.

உங்கள் குதிரை எந்தப் பக்கம் லாரி வந்தால் பாய்கிறது? கடிதத்தில் அது இல்லை. தோள்பட்டையை எழுதத் தெரிந்த உங்களுக்கு அது தோன்றவில்லை. கண், காது, சேணம் உரசும் முதுகு, பல், நான்கையும் டாக்டரிடம் காட்டுங்கள். வேலையில்லாத நாட்களில் கொள்ளுத் தீவனத்தைக் குறையுங்கள்.

உடம்பில் குறை இல்லையென்றால் ஏறாமல், கையில் பிடித்து லாரிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். காதை நிமிர்த்திப் பார்க்கும், ஆனாலும் புல் கடிக்கும், அந்தத் தூரத்தில் நில்லுங்கள். தலை தாழ்ந்து, மெல்லுவதுபோல் வாயை அசைக்கத் தொடங்கினால் அன்றைக்குப் போதும், திரும்பிவிடுங்கள். மறுநாள் நாலடி கூட. அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். உங்கள் மூச்சையும் கவனியுங்கள். 2009-ல் ஸ்வீடனில் ஒரு சோதனை செய்தார்கள். குதிரையோடு போகிறவர்களிடம் 'இந்த முறை எதிரே குடை விரியும்' என்று சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அவர்கள் நெஞ்சு படபடத்தது, கூடவே குதிரையின் நெஞ்சும். லாரியைக் கண்டதும் நீங்கள் லகானை இறுக்குகிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

டாக்டர் பார்த்த பிறகு, எந்தப் பக்கம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். குதிரையின் பெயரையும்.