நாய்கள் இருக்கும் வீட்டுக்கு ஃபெரெட் வரலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ஆறு வயது லேப்ரடார் மிகவும் சாது. இரண்டு வயது டெரியர் கலப்பினம் துறுதுறுவென்று இருக்கும். அணிலைக் கண்டால் விரட்டும், ஆனால் இதுவரை யாரையும் கடித்ததில்லை. மகளின் ஆசைக்காக, கீரியைப் போலத் தோன்றும் சிறு விலங்கான ஃபெரெட்டின் குட்டி ஒன்றை வளர்க்க நினைக்கிறோம். மூன்றும் ஒன்றாக வாழுமா? எப்படிப் பழக்குவது?

பதில்: யாரையும் கடித்ததில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதற்கு முன்னால் உள்ள சொற்கள்: அணிலைக் கண்டால் விரட்டும். மனிதர்களிடம் ஒரு நாய் காட்டும் சாந்தத்தை வைத்து, ஓடுகிற சிறு உயிரிடம் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது. கோபத்தின் சாயல்கூட இல்லாமல், வாலை ஆட்டிக்கொண்டே ஒரு ஃபெரெட்டைக் கவ்வி உலுக்கிக் கொன்றுவிட ஒரு நாயால் முடியும். பெண் ஃபெரெட் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். ஆண் ஒன்று முதல் இரண்டு கிலோ. விளையாட்டாக லேப்ரடார் முன்னங்காலால் ஒரு முறை அழுத்தினாலே விலா எலும்போ முதுகெலும்போ முறியலாம்.

ஃபெரெட்டின் சுபாவம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. பார்வைக்குக் கீரியை நினைவூட்டினாலும் அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. முயல் வளைக்குள் அனுப்புவதற்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதன் பழக்கி வைத்திருக்கும் வேட்டை விலங்கு அது. பயந்து ஒதுங்குவது அதன் இயல்பில் இல்லை. குதூகலம் வந்துவிட்டால் முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் தாவித் தாவி ஆடும். கொக்கரிப்பது போல ஒலி எழுப்பும். இன்னொரு ஃபெரெட்டுக்கு அது விளையாட்டு அழைப்பு. நாயோ அதைத் தாக்குதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், அழுத்தினால் கத்தும் ரப்பர் பொம்மைக்கு உயிர் வந்துவிட்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, ஃபெரெட்டுகள் ஒன்றையொன்று கழுத்தைக் கவ்வி விளையாடுபவை. அதே உற்சாகத்தில் நாயின் மூக்கைக் கவ்வினால், வலியில் சாதுவான நாயும் திருப்பிக் கடிக்கும்.

டெரியர் வேட்டை நாய் இனம்தான் என்றாலும், இனத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. முயல் வேட்டையில் ஃபெரெட்டும் டெரியரும் ஒன்றாக வேலை செய்த மரபு பிரிட்டனில் உண்டு. உங்கள் டெரியரை நீங்களே சோதித்துப் பாருங்கள். அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? குரைப்பும் துள்ளலும் எனக்குப் பெரிய கவலை இல்லை. உடல் விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல், மூச்சுக்கூட அடங்கியதுபோல் நின்றால்தான் கவலை. அந்த நிலையிலும் உங்கள் குரலுக்குத் திரும்பி வரும் நாயைப் பழக்கலாம். வராத நாயை, குட்டி வருவதற்கு முன்பே சில மாதங்கள் பயிற்சி கொடுத்துத் தயார்செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒரு சிறு விலங்கைக் கொன்ற நாய் வீட்டில் இருந்தால், தயவுசெய்து ஃபெரெட் வேண்டாம்.

அடுத்தது டிஸ்டெம்பர். நாய்களைத் தாக்கும் இந்த வைரஸ் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. எனவே இரண்டு நாய்களுக்கும் தடுப்பூசி நாள் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். குட்டிக்கும் எட்டு வார வயதிலிருந்து தொடர் தடுப்பூசி தேவை. ஆனால் நாய்க்குப் போடும் ஊசியையே இதற்கும் போட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்டு நாய்களுக்காகச் செய்யப்படும் சில டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் ஃபெரெட்டுக்கு அந்த நோயையே உண்டாக்கிவிடும். ஃபெரெட்டுக்குப் பாதுகாப்பான மருந்து எது என்று அறிந்த கால்நடை மருத்துவரைக் குட்டியை வாங்கும் முன்பே தேடிவையுங்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரமாவது அங்கேயே காத்திருங்கள், ஒவ்வாமை வரக்கூடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் இதற்குப் போடக் கூடாது. சில நாடுகளிலும் மாநிலங்களிலும் ஃபெரெட் வளர்க்கவே தடை உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவும் ஹவாயும் அப்படிப்பட்டவை. உங்கள் பகுதிச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பழக்கும் முறை. முதல் இரண்டு வாரங்கள் குட்டி தனி அறையில், கதவு மூடியபடி இருக்கட்டும். நாய்கள் அதைப் பார்க்கவே வேண்டாம், முகர்ந்தால் போதும். ஃபெரெட்டுக்கும் கண்ணைவிட மூக்குதான் பெரிது. குட்டி படுத்த துணியை நாய்களிடமும், நாய்கள் படுத்த துணியைக் குட்டியிடமும் கொண்டுபோய் வையுங்கள். அந்த வாசனை சலித்துப்போகும் வரை காத்திருங்கள். வாசனை புதிதாக இருக்கும்போதே நேரில் காட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

பிறகு குட்டி கூண்டுக்குள், நாய் கயிற்றில், நல்ல தூரத்தில். முதலில் லேப்ரடார் மட்டும். இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒன்றின் பரபரப்பு மற்றதைத் தொற்றும். ஐந்து நிமிடம் போதும். நாய் கூண்டைப் பார்த்துவிட்டுத் தானாக முகத்தைத் திருப்பும் கணத்தில் தின்பண்டம் கொடுங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் குறையுங்கள். கூண்டருகே படுத்து நாய் கொட்டாவி விடும் அளவுக்கு ஆர்வம் வடிந்த பிறகே கூண்டைத் திறக்க வேண்டும். அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நாள் குறித்துக்கொண்டு அவசரப்படாதீர்கள்.

திறக்கும் நாளில் இரண்டு பெரியவர்கள் வேண்டும், ஒருவர் நாய்க்கு, ஒருவர் ஃபெரெட்டுக்கு. அதற்குமுன் குட்டியை வேறு அறையில் நன்றாக ஓடவிட்டு அதன் துள்ளல் தணியச் செய்யுங்கள். நாய் நுழைய முடியாத குறுகலான குழாய்கள் தரையில் இருந்தால் குட்டி ஓடி ஒளிய இடம் கிடைக்கும். கையில் பிடித்து நாயின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். நாய் தவறி மிதித்துவிட்டால், குட்டி நன்றாக நடமாடினாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்காயம் வெளியே தெரியாது.

லேப்ரடார் பழகிவிடும் என்று நம்புகிறேன். டெரியர் ஒருவேளை கடைசி வரை கூண்டுக்கு வெளியே சந்திக்க முடியாததாகவே இருக்கலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை. ஃபெரெட் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேல் தூங்கும். மீதி நேரத்தை முறை வைத்து, ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது அறைக்குள் என்று நிம்மதியாக நடத்தலாம். நன்றாகப் பழகிய லேப்ரடாரோடும்கூட, ஆள் இல்லாத வீட்டில் தனியே விடாதீர்கள், எத்தனை ஆண்டுகள் ஆனாலும்.

உணவை எப்போதும் தனித்தனி அறையில் வையுங்கள். முழு ஊனுண்ணியான ஃபெரெட்டுக்கு நாய் உணவு ஒத்துவராது; மூன்று, நான்கு மணி நேரத்தில் செரித்துவிடும் என்பதால் அதன் தட்டில் எந்நேரமும் உணவு இருக்க வேண்டும். அந்தத் தட்டு நாய்க்கு எட்டினால் சண்டை நிச்சயம்.

உங்கள் மகளுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபெரெட்டை வெளியே விடுமுன், தரையில் கிடக்கும் நாயின் ரப்பர் பொம்மைகளையும் அவற்றின் துணுக்குகளையும் அவளே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ரப்பரை மென்று விழுங்குவது ஃபெரெட்டுக்குத் தீராத ஆசை, ஒரு சிறு துண்டு குடலை அடைத்தால் அறுவைச் சிகிச்சை வரை போய்விடும். மனிதரின் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலும் அதற்குத் தொற்றும் என்பதால், தனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் அந்தப் பொறுப்பை அவள் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு, குட்டியிடமிருந்து விலகியிருக்கட்டும்.