மரத்தோட தண்டுல அமினோ அமிலத்துக்கு என்ன வேலை?

"இலைக்கும் விதைக்கும்தானே அமினோ அமிலம் வேணும், கட்டையா நிக்கிற தண்டுல அது எதுக்கு?"ன்னு கேட்டிருக்கீங்க. நான் படிச்ச காலத்துலேர்ந்து என்னை விடாம பிடிச்சு வச்சிருக்கிற விஷயம் இது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அமினோ அமிலம்னா புரதத்தைக் கட்டுற, நைட்ரஜன் உள்ள சின்ன மூலக்கூறு.

துளிர் விடுற சமயத்துல ஒரு குச்சியை வெட்டி, பிரஷர் குடுத்து சைலம் (வேர்லேர்ந்து தண்ணியை மேல கொண்டு போற குழாய்) சாறை ஒரு சொட்டு எடுத்து, ஃபில்டர் பேப்பர்ல வச்சு நின்ஹைட்ரின்ங்கிற சோதனை ரசாயனம் போட்டு லேசா சூடு பண்ணினேன். தண்ணி மாதிரி இருந்த அந்த சொட்டு அப்படியே ஊதாவா மாறிடுச்சு. அமினோ அமிலம் இருந்தா வர்ற கலர் அது. வேர் உறிஞ்சுறது வெறும் தண்ணியும் உப்பும்தான்னு நினைச்சிட்டிருந்த எனக்கு அன்னைக்குதான் தண்டு மேல ஒரு மரியாதையே வந்துச்சு.

அந்தச் சாறுல இருந்த அமினோ அமிலத்தோட நைட்ரஜன் அப்போதான் மண்ணுலேர்ந்து வந்ததுன்னு நினைச்சிடாதீங்க, நிறைய போன வருஷத்து சேமிப்பு. இலை உதிர்க்கிற மரங்கள்ல, இலை பழுக்கும்போது அதுல இருக்கிற புரதம் உடைஞ்சு அமினோ அமிலமாகி ஃப்ளோயம் (இலையில செஞ்ச சத்தைக் கொண்டு போற குழாய்) வழியா தண்டுக்கு இறங்கிடும், இலையோட நைட்ரஜன்ல கிட்டத்தட்ட பாதி இப்படித் திரும்பி வந்துடும். பாப்லர் மரம் அதை பட்டை செல்லுல சேமிப்புப் புரதமா பூட்டி வச்சு, வசந்தத்துல உடைச்சு முக்கியமா குளுட்டமின்ங்கிற அமினோ அமிலமா மேல அனுப்பும். ஊசியிலை மரங்கள் பலதுக்கு அர்ஜினின்ங்கிற அமினோ அமிலம்தான் இஷ்டம், ஏன்னா 6 கார்பனுக்கு 4 நைட்ரஜன், சின்ன பைல பெரிய சரக்கு. இலை உதிர்க்கிற மரத்துல சரக்கு இலை பழுக்கும்போதுதான் இறங்குதுங்கிறதாலதான் இலை பச்சையா இருக்கும்போதே கிளையை வெட்டாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், சரக்கு இன்னும் இறங்கியிருக்காது.

வறட்சியில புரோலின்ங்கிற அமினோ அமிலம் சேர்ந்து செல்லு தண்ணியை இழக்காம தாங்குறதும் உண்டு, அது மரத்துல மட்டுமில்ல, பல செடிகள்லயும் நடக்கிறதுதான்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் கட்டை உருவாகுற விதம். கட்டையோட எடையில சுமார் கால் பங்கு லிக்னின் (கட்டைக்கு உறுதி குடுக்கிற பொருள்), அது பெரும்பாலும் ஃபினைல்அலனின்ங்கிற அமினோ அமிலத்துலேர்ந்துதான் வருது, ஆனா காஞ்ச கட்டையில நைட்ரஜன் பேருக்குத்தான் இருக்கும். எப்படின்னா, லிக்னினுக்குப் போற ஒவ்வொரு ஃபினைல்அலனின்லேர்ந்தும் ஒரு என்சைம் அம்மோனியாவைக் கழட்டிடும், அதை இன்னொரு என்சைம் உடனே பிடிச்சு குளுட்டமினாக்கிடும், அதே நைட்ரஜன் சுத்தி வந்து மறுபடியும் அடுத்த ஃபினைல்அலனினா ஆகும்.